கொல்லிமலைக்கு வாழவந்தவர்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தால் சேகோ ஆலைகளின் களங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். காயப்போட்ட ஜவ்வரிசியின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும். பேளுக்குறிச்சி தாண்டியதும் இடப்பக்கம் சுவர் எழுப்பியதுபோல் கொல்லிமலை நிற்கிறது. காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவுக்குள் பஸ்ஸில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

இந்த மலைக்கு வருகிறவர்கள் அறப்பளீஸ்வரரையோ ஆகாய கங்கை அருவியையோ பார்க்க வருவார்கள். நான் வந்தது வாழவந்தி நாட்டில் இருக்கும் ஒரு கல்லறைக்காக. எவ்லின் பிராண்ட், 1879இல் லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர். ஓவியம் பயின்றவர். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்து இங்கே அடக்கமானார். அவருடைய கணவர் ஜெஸ்ஸியைப் பற்றிக் கொஞ்சமும், மகன் பால் பிராண்டைப் பற்றி நிறையவும் உலகம் எழுதியிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அறுவைசிகிச்சை நிபுணர் அவர். இருவருக்கும் நடுவில் சமையலறையில் நின்ற அம்மாள்மீதுதான் எனக்கு ஆர்வம்.

ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் உண்டு. மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இருந்தார். 1913இல் இருவருக்கும் கல்யாணமாகி, மழைக்காலத்தில் மலையேறினார்கள். அப்போது சாலை ஏது, வளைவு ஏது? ஒற்றையடிப் பாதைதான். வீட்டுக்கான மரச்சட்டங்களைச் சமவெளியில் அறுத்துத் தயார்செய்து, ஆட்களின் தலைச்சுமையாக ஏற்றியிருந்தார் ஜெஸ்ஸி. கொல்லிமலை என்றாலே காய்ச்சல் என்று கீழ்நாட்டார் அஞ்சிய காலம் அது. அவர்கள் இரவு தங்கப் பயப்பட்ட இடத்தில் ஒரு லண்டன் பெண் குடித்தனம் தொடங்கினார்.

எவ்லின் நர்ஸ் படிப்பு படித்தவர் அல்ல. ஆனாலும் வாசலில் வந்து உட்கார்ந்தவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப்போட்டார். அன்றைக்கு மலையில் அதிகம் வதைத்தது நரம்புச் சிலந்தி. கால் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு முழத்துக்கும் மேல் நீளமான புழு வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றி, நாளைக்கு இவ்வளவு என்று மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்துவிட்டால் கால் சீழ்பிடித்துவிடும். புண்காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அதே தண்ணீரைத்தான் ஊர் குடிக்கும். ஆகவே ஜெஸ்ஸி யாரும் கால் வைக்க முடியாதபடி கரை கட்டி, இறைக்கும் கிணறுகளை வெட்டவைத்தார். என் கணக்கில் மருந்துப்பெட்டியைவிட இந்தக் கிணறுகள்தான் பெரிய வைத்தியம். இந்த நோய் இந்தியாவிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000இல்தான்.

பிள்ளைகள் பாலும் கானியும் வீட்டிலேயே படித்தார்கள். பால், மரத்தில் ஏறி உட்கார்ந்துதான் கணக்குப் போடுவான். முடித்ததும் தாளைக் கயிற்றில் கட்டி இறக்குவான், அம்மா கீழே நின்று திருத்துவார். அந்தப் பையனை இறக்கி உட்காரவைக்க அவர் பிரயாசைப்படவே இல்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மதம் பரப்ப வந்தவர்கள்தான், அதை அவர்களே மறைக்கவில்லை. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் ஒருவரும் மாறவில்லை. உள்ளூர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். 1918இல் இன்ஃப்ளூயன்சா வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் அது. மலையில் நோயாளிகளை விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடினார்கள். அந்த நோய்க்கு அன்று லண்டனிலேயே மருந்து இல்லை. எவ்லினும் ஜெஸ்ஸியும் அரிசிக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். எதிர்த்த பூசாரியின் வீட்டுக்கும் போனார்கள். அவரும் மனைவியும் பிழைக்கவில்லை. சாகும்முன் தங்கள் கைக்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார் பூசாரி. ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார் எவ்லின். மதமாற்றம் பற்றி யாரும் எத்தனை வாதம் வேண்டுமானாலும் செய்யலாம், நானும் செய்வேன். அந்தக் கஞ்சிக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை.

1923இல் பிள்ளைகளைப் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்தார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி, ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும் நோய். வயது 44. சாவுத் தந்தி மகனை எட்டிய பிறகும், முன்பே கப்பலேறிய அப்பாவின் கடிதம் வந்து சேர்ந்தது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். விதவையான வெள்ளைக்காரி ஊர் திரும்புவதுதான் வழக்கம். எவ்லினும் போனார், ஆனால் மறுபடி இந்தியாவுக்கே வந்தார். மிஷன் சமவெளியில் வேலை கொடுத்தது. எழுபதை நெருங்கியபோது ஓய்வுபெறச் சொன்னது. கடைசியாக ஒரே ஒரு வருஷம் மலையில் இருக்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினார். அந்த வருஷம் முடிந்ததும், மிஷனிலிருந்துதான் ஓய்வு, மலையிலிருந்து இல்லை என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். விழுந்தார், எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். டாக்டர் மகன் வந்து போதும் என்றபோது, இவர்களுக்குப் பல் பிடுங்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கடைசிக் காலத்தில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை. இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அசல் பிடிவாதம். நம் கிராமத்துக் கிழவிகளிடம் அதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தன்னைப் பெட்டியில் வைக்காமல் வெறும் பருத்தித் துணியில் சுற்றிப் புதைக்கச் சொல்லியிருந்தார், கணவரின் பக்கத்தில். மரத்தை வீணாக்க வேண்டாம், உடல் மண்ணுக்குப் போகட்டும் என்பது அவர் எண்ணம்.

மண்ணைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கு ஒரு பாடம் இருந்தது. சின்ன வயதில் வயலில் தவளை பிடித்து, வரப்பை மிதித்துச் சேறு வழியவிட்ட பையன்களை ஒரு கிழவர் கூப்பிட்டு, கைநிறையச் சேற்றை அள்ளிக் காட்டிக் கண்டித்ததைப் பிற்காலத்தில் பால் பிராண்ட் எழுதினார். கலங்கிய தண்ணீர் வரப்பைத் தாண்டினால், அதோடு சோறும் போகிறது என்பது தாத்தாவின் கட்சி.

வாழவந்தியிலிருந்து செம்மேட்டுக்குத் திரும்பும் வழியில் சரிவெல்லாம் மரவள்ளி. ஒருகாலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலம். வேலிக்கு அந்தப்பக்கம் களை வெட்டிக்கொண்டிருந்தவரிடம், கிழங்கு பிடுங்கும்போது மழை வந்தால் மண் கரைந்து போகாதா என்று கேட்டேன்.

"போவுதுங்க, தெரியாமயா இருக்கு" என்றார். "சாமை குத்திக் கொடுக்க வீட்ல ஆளில்ல. கிழங்குன்னா லாரி இங்கயே வந்து ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போயிருது. காசு கையில. நீங்க எந்த ஊருங்க?"

சேலம் என்றேன். "அப்ப உங்க ஊருக்குத்தான் போவுது" என்று சொல்லிவிட்டு அவர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டார்.