மிதித்தால் சுற்றும், விட்டால் நிற்கும்

தூண்டில் கம்பு வாங்கப் போகிறவர்கள் கம்பை வளைத்துப் பார்ப்பார்கள், ரீலைச் சுழற்றிப் பார்ப்பார்கள். நூல் கட்டைப் பார்க்கிறவர்கள் குறைவு. மீன் இழுக்கிற இழுவையெல்லாம் கம்பின் நீளத்துக்கு வைத்த எட்டு, ஒன்பது வளையங்கள் வழியாகத்தான் கம்புக்குள் பரவுகிறது. அந்த வளையங்களைக் கம்போடு பிடித்து வைத்திருப்பது நைலான் நூல். வளையத்தின் காலைக் கம்பின்மேல் படுக்க வைத்து, இழையோடு இழை உரச, நடுவே வெற்றிடம் விழாமல் சுற்றி, மேலே எபாக்ஸி பூசுகிறார்கள். பரவலாகப் பயன்படும் மெல்லிய நூலின் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கட்டுக்கே 60 சுற்றுக்கு மேல் வேண்டும். ஒரு கம்பில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு கட்டுகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். உட்கார்ந்து செய்தால் அவ்வளவு மலைப்பு இல்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்தியவன் நான். கிணற்று மோட்டார், போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார், இரண்டும்தான் எங்கள் சோறு. தண்ணீருக்குள் ஓடும் மோட்டாருக்குக் காயில் கட்டும்போது பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பியை ஸ்லாட் ஸ்லாட்டாகக் கையால் கோத்து இழுக்க வேண்டும். கூடுதலாக இழுத்தால் உறை உரியும், உள்ளே தண்ணீர் பட்டு மோட்டார் போய்விடும். தளர விட்டால் சுற்று அடங்காது. எவ்வளவு இழுக்கலாம் என்பது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் தெரியும்.

கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு ஆன பிறகு, மகள் வயிற்றுப் பேரன் ஒரு வெறும் கார்பன் கம்பையும் ஒரு பொட்டலம் வளையங்களையும் கொண்டுவந்து முன்னால் வைத்தான். “அப்பிச்சி, காயில் கட்டுன கைதானுங்க, இதையும் கட்டிக் குடுங்க” என்றான். விடுமுறை நாளில் நண்பர்களோடு விரால் பிடிக்கக் குளம் குளமாகப் போகிற பையன். கடையில் விற்கிற கம்பு அவன் கைக்கு ஒத்துவரவில்லை. அவன் உயரத்துக்கும் வீசும் விதத்துக்கும் ஏற்றபடி வேண்டுமாம்.

முதல் கம்புகளைக் கையால்தான் கட்டினேன். இரு விளிம்பிலும் நேருக்கு நேராக ‘வி’ வடிவில் வெட்டிய அட்டைப்பெட்டியில் கம்பைச் சாய்த்து, நூலைத் தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு, புத்தகத்தின்மேல் எடை வைத்தால் நூலுக்கு விறைப்பு வந்துவிடும். கம்பை இரண்டு கையாலும் உருட்ட வேண்டியதுதான். வேலை சுத்தமாக வந்தது. ஆனால் எழுபதைத் தாண்டிய மணிக்கட்டு அத்தனை உருட்டலைத் தாங்காது. இரண்டு வளையம் கட்டினால் இரவெல்லாம் வலி. நூலை நடத்த விரல்கள் தயாராக இருந்தன, கம்பை உருட்டத்தான் கைக்குத் தெம்பில்லை. அங்கேதான் மோட்டாருக்கு வேலை வந்தது.

இந்த ஊரில் மோட்டார் என்றால் வேகம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்கள் பெருகி, கிணறுகளில் பம்பு இறங்கியது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள் என்பதை இங்கே சின்னப் பிள்ளைகளும் சொல்லும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு போல் மோட்டார் நிமிஷத்துக்கு 2880 சுற்றை ஒட்டியும், நாலு போல் மோட்டார் 1440-ஐ ஒட்டியும் ஓடும். தண்ணீர் ஏற்ற அந்த வேகம் வேண்டும். ஆனால் இதே ஊரில் வேகத்தைக் குறைத்துப் பேர் வாங்கிய சாதனமும் பிறந்தது. 1955-இல் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரில் மோட்டார் விரைந்து ஓடினாலும் கல் நிதானமாகத்தான் சுற்றும். பெல்ட்டும் புல்லியும் வேகத்தைத் தின்று விசையாக மாற்றித் தரும், மாவும் சூடாகாது. எத்தனையோ வீட்டு கிரைண்டருக்குக் காயில் கட்டியிருக்கிறேன். அந்த நிதானத்துக்காகவே அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

நூல் சுற்றும் மிஷினுக்கு நிமிஷத்துக்கு 150 சுற்று தாராளம். அதுவும் கட்டின் நடுப்பகுதியில் மட்டும். தொடக்கத்திலும் வளையத்தின் கால்மேல் நூல் ஏறும் இடத்திலும் ஒவ்வொரு சுற்றாக நகர வேண்டும். தையல் மிஷின் மோட்டாரையும் அதன் கால் பெடலையும் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அது கார்பன் பிரஷ் வைத்த, தறிகெட்டு ஓடுகிற ஜாதி மோட்டார். சும்மா விட்டால் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். பெடலை மெல்ல மிதித்தால் முனகிக்கொண்டு நிற்கும், சற்று அழுத்தினால் பாயும். அதைச் சாதுவாக்கச் சின்னப் புல்லியிலிருந்து பெரிய புல்லிக்கு, அங்கிருந்து இன்னொரு பெரிய புல்லிக்கு என்று இரண்டு படி குறைத்தேன். வேகம் குறையக் குறைய இழுவை கூடியது, பாய்ச்சலும் அடங்கியது. இன்றைக்குப் புதிதாகச் செய்கிறவர்களுக்கு 12 வோல்ட் கியர் மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டு போர்டும் வாங்கச் சொல்வேன். அதில் அத்தனை புல்லி வேண்டாம், ஷாக் அடிக்கும் பயமும் குறைவு.

கம்பைப் பிடிக்கும் சக்கில் தாடைகளுக்கு ரப்பர் உறை போட வேண்டும். கார்பன் கம்பு உள்ளே குழல், சுவர் மெல்லியது. இரும்புத் தாடை இறுக்கினால் கீறல் விழும், கீறல் விழுந்த இடத்தில்தான் பின்னால் முறியும். கம்பு உட்காரும் தாங்கிகளில் சிறு உருளைகள். நூலுக்கு விறைப்புத் தர, தையல் மிஷினில் இருப்பதுபோலவே இரண்டு தட்டும் ஒரு ஸ்பிரிங்கும். முக்கியமானது, பெடலிலிருந்து காலை எடுத்ததும் நிற்க வேண்டும். எடுத்த பிறகும் நாலு சுற்று ஓடுகிற மிஷினை நான் ஏற்க மாட்டேன். கட்டு முடியப் போகும் இடத்தில், ஆறேழு சுற்று மிச்சமிருக்கும்போது, ஒரு நூல் வளையத்தைக் கம்போடு படுக்க வைத்து அதன்மேல் சுற்ற வேண்டும். பிறகு நூலை வெட்டி, நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து, உருவி இழுத்தால் நுனி கட்டுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். முடிச்சு கிடையாது. அந்த நேரத்தில் கம்பு ஒரு கால் சுற்று தானாக நகர்ந்தாலும் அத்தனை இழையும் அவிழ்ந்துவிடும்.

சென்னிமலையில் நான் பிறந்த வீட்டில் தறி இருந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஊடை நூலுக்குத் தார் சுற்றுவார். வலது கை இராட்டையைச் சுழற்றும், இடது கை விரல்கள் நூலை நடத்தும். இராட்டை சுற்றுவதை யாரும் செய்துவிடலாம், எங்களிடமே கொடுப்பார். இடது கை வேலையை மட்டும் வெகுநாள் யாரிடமும் தரமாட்டார். நூலில் ஒரு தடிப்பு வந்தால், ஒரு புரி தளர்ந்தால், பார்க்காமலே விரல் அறிந்து நிற்கும். பின்னால் தார் சுற்ற மிஷின்கள் வந்தன. வலது கை வேலையை அவை எடுத்துக்கொண்டதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அம்மாவின் தோள்பட்டை தேய்ந்ததைப் பார்த்தவன் நான்.

என் மிஷினும் அந்த வலது கை வேலைக்குத்தான். இடது கை வேலை என்னிடமே இருக்கிறது. நூல் அளவுக்கு மீறி இறுகினால் மெல்லிய கம்பு நசுங்கும். தளர்ந்தால் முதல் பெரிய மீனுக்கே வளையம் திரும்பிவிடும். கட்டி முடித்த பின்னும் கட்டை விரலால் அழுத்தினால் வளையம் ஒரு மயிரிழை நகர வேண்டும், அந்த அளவு இறுக்கம்தான் சரி. அப்போதுதான் எல்லா வளையங்களையும் கண்ணுக்கு நேரே ஒரு கோட்டில் நிறுத்த முடியும். எபாக்ஸி இறுகிவிட்டால் பிறகு நகராது. வளையத்தின் கால் நுனியை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சரிவாக்கி வைத்தால் நூல் அதன்மேல் வழுக்கி ஏறும். அவசரக்காரர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஏறுமிடத்தில் இடைவெளி விழும், அதை மிஷினின் குறை என்பார்கள்.

எபாக்ஸிக்கு இன்னொரு மோட்டார் தேவை, அது இதைவிட மெதுவானது. இரண்டு திரவத்தையும் சம அளவில் கலந்து தூரிகையால் பூசியதும் கம்பு நிற்காமல் சுழன்றால்தான் பிசின் ஒரு பக்கம் வழிந்து தொங்காமல் நாலு பக்கமும் சமமாக உட்காரும். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் குட்டி மோட்டார் நிமிஷத்துக்கு 5 அல்லது 6 சுற்று ஓடும், அதுவே போதும். நாலைந்து மணி நேரம் சுழல வேண்டும், முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதத்தில் ஜன்னலைச் சாத்தாமல் எபாக்ஸி பூசவே கூடாது.

வயதானவன் ஒருவன் தூண்டில் கம்புக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மீனைக் காட்டித்தான் பதில் சொல்வேன். அமராவதியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான மஹ்சீர் மீன் ஒன்று இருக்கிறது, முதுகில் திமில் எழும்பியது. விலங்கியல் ஆய்வாளர் ரெமாதேவியின் பெயரால் டோர் ரெமாதேவியை என்று அழைக்கிறார்கள். காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய இந்த இனம் மோயாற்றிலும் வாழ்கிறது. உலகில் மிக அபாய நிலையில் உள்ள உயிர்களின் பட்டியலில் 2018-இல் சேர்த்தார்கள். 1946-இல் கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. அவ்வளவு பெரிய மீன் வளர்ந்த ஆறுகள் நம் ஆறுகள். அந்த மீன் இருக்கும் தண்ணீர்ப் பக்கம் தூண்டிலோடு போகக் கூடாது என்று பேரனிடம் சொல்லியிருக்கிறேன், அவனும் போவதில்லை. குளத்து விராலாக இருந்தாலும், வளையம் பிடுங்கி நூல் அறுந்தால் முள்ளும் நூலுமாக அந்த உயிர் தவித்துக்கொண்டு திரியும். சீக்கிரம் கரை சேர்த்து, வேண்டாததை நல்லபடியாகத் திருப்பி விட உறுதியான கட்டு வேண்டும். கட்டின் கடைசி ஆறேழு சுற்றுக்கு நான் கொடுக்கும் கவனம் அதற்காகவும்தான்.

எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என் மிஷினைப் பார்த்துவிட்டு, இதையே ஐம்பது செய்து விற்கலாமுங்க என்றார். சுற்று எண்ணும் கவுண்டர், முன்பின் திரும்பும் சுவிட்ச், மெதுவாகக் கிளம்பும் கண்ட்ரோல் எல்லாம் போடலாம் என்றேன். நூலையும் இன்னொரு மோட்டாரே நடத்தட்டும், ஆள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார் அவர். ஒரே மாதிரிக் கம்பு ஆயிரமாயிரமாகப் போகிற தொழிற்சாலைக்கு அது சரி. ஒருவர் கைக்கென்று ஒரே ஒரு கம்பு கட்டும் இடத்துக்கு அது எனக்குச் சம்மதமில்லை, நேராகவே சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை, செலவுக் கணக்கை எடுத்துப் போட்டார். செலவை அப்புறம் பேசலாம் தம்பி என்று ஓர் அட்டைப்பெட்டியும் தடித்த புத்தகமும் ஒரு நூற்கண்டும் கொடுத்து, முதலில் ஒரு கம்பைக் கையால் கட்டிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதைக் கட்டி முடித்த பிறகு எந்த மோட்டாரை எங்கே வைப்பது என்று அவரே சொல்லட்டும். அவர் சொல்வதைக் கேட்க நானும் தயார்.