காற்றை நிறுப்பவர்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையோரம் தகரக் கூரை போட்ட பட்டறை. ஓரத்தில் ஒரு பொலிரோ, பக்கத்தில் கீரமங்கலத்துப் பூ மூட்டை ஏற்றும் குட்டி யானை. நடுவில் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2004-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ரகம். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், கம்பெனிக் கணக்கில் 150 குதிரைசக்தி. இப்போது அதில் பெரிய டர்போ ஏறியிருக்கிறது. வேறெங்கோ மாட்டிய வேலை.

"பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே. அடுத்த மாசம் செட்டிபாளையம் டிராக்குல ஓட்டணும்" என்கிறார் வண்டிக்காரர். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர்.

"ஏத்தலாம் தம்பி. உள்ள போற காத்து எவ்வளவுன்னு முதல்ல தெரியட்டும்."

மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிகளின் டீசல் இன்ஜினில் கை பழகியவர். பந்தயக் காருக்கும் போர் வண்டிக் கம்ப்ரசருக்கும் டர்போ ஒன்றுதான். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் இருக்கும் மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பியூகி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை.

ஏர் ஃபில்டரைக் கழற்றுகிறார். அதன் பின்னால் காற்றை அளக்கும் சென்சார். டார்ச் அடித்துப் பார்க்கிறார். நகக்கண் அளவு மெல்லிய தகடு. மின்சாரம் அதைச் சூடாகவே வைத்திருக்கும். வியர்த்த முகத்தில் பஸ் ஜன்னல் காற்று படுவதுபோல, ஓடும் காற்று அதன் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. போன சூட்டை வைத்து, போன காற்றின் எடை. அந்த எடைக்கு ஏற்பத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். இந்தத் தகட்டில் பழுப்பாக ஒரு படலம். ஃபில்டருக்குப் பூசிய எண்ணெயும் நம் ஊர்ச் செம்மண்ணும் சேர்ந்து அப்பியது. அதற்கென்றே உள்ள ஸ்பிரேயை அடிக்கிறார், விரல் படவிடவில்லை.

அடுத்து பி.வி.சி. மூடி ஒன்றால் டர்போவின் வாயை அடைத்து, அதில் பதித்த வால்வு வழியாகக் கம்ப்ரசர் காற்றை 15 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுகிறார். பையன் சோப்புத் தண்ணீரை ஹோஸ்களின் மேல் தெளிக்கிறான். இன்டர்கூலருக்குக் கீழே, கிளாம்ப் கடித்த இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கில் செம்மண் கோடு கட்டியிருக்கிறது. அங்கே நுரை கொப்பளிக்கிறது.

"பாத்தியா தம்பி? சென்சார் அளந்த காத்துல பாதி வழியிலயே கொஞ்சம் ஓடிப்போகுது. பெட்ரோல் மட்டும் முழுக் கணக்குக்கு ஊத்துது. கரும்புகை வராம என்ன செய்யும்?"

ஹோஸை மாற்றிவிட்டு இருவரும் லேப்டாப்போடு ஒரு ஓட்டம் போய் வருகிறார்கள். திரையில் காற்றின் கோடு ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் படுத்துவிட்டது. டர்போ இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது. சென்சாரோ 5 வோல்ட்டுக்கு மேல் சொல்ல வழியில்லாதது. விநாடிக்கு 120 கிராம் காற்று என்றால் ஏறக்குறைய 150 குதிரைசக்தி என்பது தொழிலில் புழங்கும் தோராயம். அதற்கு வெகு மேலே போன காற்று கணக்கிலேயே வரவில்லை. கணக்கில் வராத காற்றுக்குப் பெட்ரோல் கிடையாது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், கலவை தானாகவே வெடித்து நாக் அடிக்கும், பிஸ்டன் ஓட்டையாகும். இதைப் பார்க்காமல் பூஸ்ட்டை ஏற்றிக் கொடுப்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சென்சாரை அகலமான குழாய்க்கு மாற்றுகிறார். விட்டம் 60 மில்லிமீட்டரிலிருந்து 73 ஆனால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அளவும் அதே விகிதத்தில் நீளும். ஆனால் அதே காற்றுக்கு இப்போது வோல்ட் குறைவாக வரும். அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும். கட்டம் கட்டமாக எண்களைத் திருத்துகிறார். மதியச் சாப்பாடு ஆறிப்போகிறது.

பூஸ்ட்டுக்கு வர மாலையாகிவிட்டது. டர்போவைச் சுற்றாமல் புகையை வெளியேவிடும் கதவான வேஸ்ட்கேட்டுக்குப் போகும் காற்றழுத்தத்தைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வைப் புதிதாக மாட்டி, கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றையொன்று தொடும்வரை சிறிது சிறிதாக ஏற்றுகிறார். பிறகு நிறுத்திவிட்டார்.

"இன்னும் கொஞ்சம்ணே?"

"வேணாம். 40 டிகிரி வெயிலு. 20 டிகிரியில வர்ற காத்தைவிட நூத்துக்கு ஆறு பங்கு எடை கம்மி. பங்க்ல போடுறதோ சாதா பெட்ரோலு. இதுக்கு மேல ஏத்துனா நாக்தான். நல்ல பெட்ரோல் போட்டு, மார்கழியில கொண்டா, பாப்போம்."

வண்டிக்காரர் முகம் வாடுகிறது, மறுத்துப் பேசவில்லை. பொலிரோக்காரர் எழுந்து வருகிறார். "நம்மளது மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதுண்ணே. டர்போ போயிருச்சுன்னு சொல்றாங்க, மாத்திறலாமா?"

"யாரு சொன்னா?" என்றவர் பையன் பக்கம் திரும்புகிறார். "டேய், அந்த மூடியையும் சோப்புத் தண்ணியையும் இங்க கொண்டா."