தென்னை உச்சியில் ஒரு குடும்பம்

காத்தான்குடிக்கு ஒரு புறம் கடல், மறு புறம் மட்டக்களப்பு வாவி. இடையில் வீட்டோடு வீடு ஒட்டிய ஊர். மனிதருக்கே நிலம் போதாத இவ்வூரிலும் பருந்துக்கு அல்லாஹ் இடம் வைத்திருக்கிறான். அஸர் தொழுதுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போனால், வெள்ளைத் தலையும் செங்காவிச் சிறகுமாகச் செம்பருந்துகள் வட்டமிடும். செத்து மிதக்கும் மீனும், நண்டும், நாம் எறியும் மீன் குடலும் அவற்றின் இரை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் அயல் வளவுத் தென்னையில் ஒரு சோடி கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. அந்த வீட்டு ராத்தாவின் கோழிக்குஞ்சுகள் இரண்டு காணாமற் போயின. கூட்டைக் கலைக்கச் சொல்லி மகனின் கையில் கெட்டபோலைக் கொடுத்தார். நான் தடுத்தேன்.

"ஹரம் எல்லையிலும் கொல்லலாம் என்ற ஐந்தில் பருந்தும் ஒன்றென்று நீங்கதானே பயானில் சொன்னீங்க, மௌலவி?"

நியாயமான கேள்வி. அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அவை செய்யும் தீங்கையே இமாம்கள் காரணமாகச் சொல்வர். ஆனால், உயிருள்ளதை எறிகுறியாக்குவதைக் கடுமையாகக் கண்டித்தவர்களும் நபி (ஸல்) அவர்களே. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த சிறு பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்களும் அவர்களே.

"கோழிக்குஞ்சை எடுத்தது பெரிய பருந்து. கூட்டிலிருக்கும் குஞ்சு என்ன செய்தது, ராத்தா?" என்றேன். அவர் பேசவில்லை.

டில்லிச் செய்தியொன்றையும் சொன்னேன். பழைய டில்லியில் முஸ்லிம்கள் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை எறிவதை ஸதகாவாகக் கருதுவர். கண்ணாடித்தூள் பூசிய பட்ட நூலில் சிறகறுந்து விழும் பருந்துகளுக்கு நதீம் ஷெஹ்ஸாத், முஹம்மத் சவூத் என்ற சகோதரர்கள் தம் வீட்டிலேயே மருத்துவம் செய்துவந்தனர். அவர்களைப் பற்றி 2022இல் வெளிவந்த திரைப்படம் உலகெங்கும் பேசப்பட்டது.

அன்று மாலையே பழைய வலைத்துண்டொன்றைக் கோழிக்கூட்டு முற்றத்தின் மேல் இழுத்துக் கட்டினோம். அதன்பின் ஒரு குஞ்சும் போகவில்லை. பருந்துக் குஞ்சுகளும் சிறகு முற்றி வாவிப் பக்கம் பறந்தன.

சகோதரிகளே! உயர்ந்த மரங்கள் நம் ஊர்களில் குறைந்து வருகின்றன. வீடு கட்ட ஒரு மரத்தைத் தறிக்குமுன், ஒருமுறை அதன் உச்சியைப் பாருங்கள். அங்கும் ஒரு தாய் இருக்கலாம்.

அந்த ராத்தா இப்போது மீன் ஆய்ந்த குடலைக் குப்பையில் போடுவதில்லை. வேலியோரம் எறிந்துவிட்டு, வானத்தைப் பார்த்து நிற்கிறார்.