துப்பு

தடாவிலிருந்து கிழக்கே திரும்பி பீமுனிவாரிபாளையம் போய்ச் சேர்ந்தபோது நல்ல மே மாத வெயில். பழவேற்காடு ஏரி கரையைவிட்டு வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. 2022 ஏப்ரலில் பிறந்த திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். கரையில் பேச்சும் அப்படித்தான்: தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிகிறது.

பாய்மரப் படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறதாம். அறுபதைத் தாண்டிய ஆசாரி, சின்னச் சுத்தியலால் ஆணிக் கொண்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங் என்று வந்த ஓசை, சுக்கான் பட்டையருகே பொத்தென்று செத்தது.

"துப்பு" என்றார்.

தெலுங்கில் துப்பு என்றால் துரு. என் காதில் தமிழ்த் துப்பாகவும் விழுந்தது. அடுத்த அரைமணி நேரம் அவர் செய்தது துப்பறியும் வேலைதான்.

குறடு போட்டு இழுத்தார். கொண்டை மட்டும் கையோடு வந்தது. கழுத்து ஈர்க்குச்சிபோல் இளைத்து ஒடிந்திருந்தது. ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப்போய், நகத்தால் கீறினாலே தூளாக உதிர்ந்தது. பிறகு நடுப்பலகையிலிருந்து இன்னோர் ஆணியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். மேலெல்லாம் துரு, ஆனால் கனம் குறையவில்லை.

"இது பதினஞ்சு வருஷ ஆணி சார். அது மூணு வருஷம். வயசா காரணம்? பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க."

பக்கத்தில் இருந்தது பித்தளை. பழைய இரும்புப் பட்டை போனதும், துருவே பிடிக்காது என்று யாரோ சொல்ல, படகுக்காரர் பித்தளைப் பட்டை வாங்கி இரும்பு ஆணியால் அடித்துவிட்டார். உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி. டார்ச் செல்லில் துத்தநாகக் கூடு கரைவதுபோல, இங்கே இரும்பு கரைகிறது. பித்தளை பளபளவென்று இருக்கிறது. கோடையில் ஆற்றுநீர் நின்று, இந்த ஏரி கடலைவிட உப்பாகிவிடும். மின்னோட்டத்துக்கு அது இன்னும் தோது.

பிரிட்டிஷ் கடற்படை இதே பாடத்தை 1763இல் படித்தது. அலாரம் என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத்தகடு போர்த்தி, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், செம்பு தொட்ட இரும்பு ஆணிகள் கரைந்திருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் இடையில் ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் ஆணி பிழைத்தது. கதையைச் சொன்னேன். ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "காயிதமா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

இவருக்குக் கூலி, மாற்றிய பலகைக்கும் அடித்த ஆணிக்கும்தான். எந்தப் பலகையை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடித்த காதுக்குக் கூலி கிடையாது. படகைக் காப்பாற்றுவது அந்தக் காதுதான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அதைப் பேச்சாகவே எடுக்கவில்லை.

"பித்தளையைக் கழட்டி வித்துடு தம்பி. ஆணிக்காசு அதுலயே வந்துடும்" என்றார் படகுக்காரரிடம்.

இளைஞர் பட்டையைத் தடவிப் பார்த்தார். மூன்று வருடமாகியும் புதிதாய் மின்னிய பொருளைக் கழற்ற அவருக்கு மனமில்லை. ஆசாரி காத்திருக்கவில்லை, மறுபக்கம் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தார்.