கடலுக்குள் ஒரு மேய்ச்சல் நிலம்

முளையில் கட்டிய ஆடு கயிறு எட்டும் வரை மேய்ந்து புல்லில் ஒரு வட்டம் போட்டுவிடும். கிராமத்தில் வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குள்ளும் அப்படி வட்டம் உண்டு என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பல இடங்களில் பவளப்பாறையை ஒட்டி வெறும் மணல் வளையமாகக் கிடக்கும். அதைத் தாண்டித்தான் கடற்புல்.

அங்கே கயிறு எது? பயம்தான். கிளிமீன் மாதிரி மேயும் மீன்கள் பாறை இடுக்கை விட்டு வெகுதூரம் போவதில்லை. பெரிய மீன் துரத்தினால் ஓடி ஒளிய வேண்டுமே! ராண்டால் என்ற அமெரிக்க மீனியல் அறிஞர் கரீபியன் கடலில் புல்வெளி நடுவே சிமெண்ட் கற்களை அடுக்கி ஒரு செயற்கைப் பாறை அமைத்தார். மீன்கள் குடியேறின. சுற்றிலும் சுமார் 30 அடிக்குப் புல் காணாமல் போனது. 1965-இல் இதை எழுதினார். அதே கடலில் வேறு சிலர் ஒரு பாறையிலிருந்த கடல் முள்ளெலிகளை அகற்றிப் பார்த்தார்கள். மணல் வளையத்தில் புல் திரும்ப வந்தது.

இதெல்லாம் படிக்கச் சுவையான சங்கதி. லட்சத்தீவில் அது வயிற்றுப்பாடு.

பணி நிமித்தமாக அகத்தித் தீவில் சில மாதங்கள் இருந்தேன். பாறை வளையத்துக்கு உள்ளே முழங்கால், இடுப்பளவு கடல். கண்ணாடி மாதிரி தண்ணீர். பச்சை ஆமைகள் கூட்டம் கூட்டமாகப் புல் மேயும். பெரிய ஆமைக்குப் பாறையின் மறைவு தேவையில்லை, அதனால் வட்டத்தோடு நிற்காது. இலை தீர்ந்தால் மண்ணுக்குள் ஓடும் தண்டையும் கிளறித் தின்றுவிடும்.

"குஞ்சு மீன் ஒளிய இடமில்லை சாரே, வலையும் கிழிகிறது" என்றார் ஒரு வயதான மீனவர். ஆமையைத் தொட்டால் சிறை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அப்படி. ஆமை தன் பசிக்குத் தின்கிறது. அதைத் தின்னும் சுறாவைப் பிடித்துக் குறைத்தவர்கள் மனிதர்கள் என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் ஆமைக்குக் காவல் போட்ட சட்டம், அன்றாடம் குழம்புக்கு மீன் பிடிப்பவனையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றியது.

பின்னாளில் அகத்தியில் புல் அருகிப்போக, ஆமைகளும் அங்கே குறைந்தன. அடுத்து கட்மத் தீவில் பெருகின.