ஆழத்துல இருக்குற காசு கத்தாது

1/
ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி இல்லைன்னா, ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டி வச்சிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு வயல்ல இறங்கிடுவேன். நான் வேலை பார்க்குறது இங்கிலாந்துல. இங்க மெட்டல் டிடெக்டர் வச்சு பழைய காசு தேடுறது பலருக்குப் பொழுதுபோக்கு. "டாக்டர், அங்க போய் என்னத்தைத் தேடுறீங்க?"ன்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்காக இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல மெஷின். கம்பியோட நுனியில இருக்குற வட்டமான காயில், மாறிக்கிட்டே இருக்குற ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பும். அங்க உலோகம் இருந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது தன் பங்குக்கு ஒரு சின்ன காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைப் பிடிச்சு மெஷின் சத்தமா மாத்தித் தரும். இரும்புன்னா பெரும்பாலும் கட்டையான உறுமல். வெள்ளி, செம்புன்னா உயர்ந்த ஸ்வரம். அலுமினியத் தாள், குட்டித் தங்கம் எல்லாம் இதுக்கு நடுவுல.

3/
2, 3 இன்ச் ஆழத்துல கிடக்குற காசை எடுக்கப் பெரிய திறமை வேண்டாம். மெஷினே கத்தும், ஸ்கிரீன்ல நம்பரும் வரும். சிக்கல் ஆழத்துல தான். காந்தப்புலம் போகும்போதும் தேயும், வரும்போதும் தேயும். சின்னப் பொருள் காயில்ல இருந்து நல்லா தள்ளி இருக்கும்போது, தூரம் இரண்டு மடங்கானா சிக்னல் கிட்டத்தட்ட 64-ல் ஒரு பங்கா குறைஞ்சிடும்.

அதனால 8, 9 இன்ச்ல படுத்திருக்குற வெள்ளிக் காசு கத்தாது, முணுமுணுக்கும். ஸ்கிரீன் நம்பர் தாவும். சில சமயம் இரும்புன்னே காட்டும். அங்க காது தான் கதி.

4/
சரி, அந்த முணுமுணுப்பு காசு தான்னு எப்படித் தெரியும்? நான் பார்க்குறது நாலு விஷயம்.

• சத்தம் மெல்லிசா, சின்னதா, ஓரம் கரகரப்பு இல்லாம இருக்கணும்.
• வலமிருந்து இடம், இடமிருந்து வலம், இரண்டு பக்கமும் வீசினாலும் அதே இடத்துல வரணும்.
• 90 டிகிரி சுத்தி நின்னு மறுபடி வீசினாலும் வரணும்.
• காயிலை ஒரு இன்ச், இரண்டு இன்ச் தூக்கினா சத்தம் மறையணும். தூக்கின பிறகும் பலமா கேட்டா, அது நசுங்கின டின்னாவோ பெரிய தகரமாவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இதுக்கெல்லாம் காயில் தரையை ஒட்டி, மெதுவா போகணும். அவசரக்காரனுக்கு ஆழத்துக் காசு கிடைக்காது.

5/
ஏமாத்துறதுல கில்லாடி, துருப்பிடிச்ச பழைய ஆணி. ஒரு பக்கம் வீசினா வெள்ளி மாதிரி கீச்சுன்னு கூப்பிடும். மறுபக்கம் வீசினா அடங்கிடும். சுத்தி நின்னு வீசினா உறுமும், இடமும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். காசு வட்டம். எந்தப் பக்கத்துல இருந்து கேட்டாலும் ஒரே பதில் தான் சொல்லும். ஆணி ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசும்.

6/
இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து ஊர் பெரியவர் ஒருத்தர், ரிட்டயர்டு டிராக்டர் மெக்கானிக். மெல்லிய சத்தம் கேட்டதும் நான் மண்வெட்டியை எடுத்தா தடுத்துடுவார். "20 அடி தள்ளிப் போங்க டாக்டர். வேற திசையில இருந்து வாங்க. இடத்தைப் பார்க்காதீங்க. காது எங்க நிறுத்துதோ அங்க நில்லுங்க" என்பார். மறுபடி அதே இடத்துல நின்னா தோண்டலாம். ஏன்னா ஆசைப்படுற காது இல்லாத சத்தத்தையும் கேட்கும்.

7/
எம்.பி.பி.எஸ் படிக்கும்போது எங்க மெடிசின் புரொஃபசரும் இதையே தான் சொன்னார். மைட்ரல் ஸ்டெனோசிஸ்னு ஒரு இதய வால்வு நோய், வால்வு சுருங்கிப் போறது. அதோட சத்தம் ரொம்பத் தாழ்வான ஒரு உருட்டல். நோயாளி மல்லாக்கப் படுத்திருந்தா பல சமயம் கேட்கவே கேட்காது. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, ஸ்டெதஸ்கோப்போட பெல் பக்கத்தை மெதுவா வச்சு, வார்டுல ஃபேனை நிறுத்திட்டுக் கேட்கணும். "திருப்பிப் போட்டுக் கேட்காத டாக்டர் பாதி டாக்டர்" என்பார்.

8/
மெட்டல் டிடெக்டருக்கும் மருத்துவத்துக்கும் ஒரு சோகமான உறவு உண்டு. 1881 ஜூலை 2, அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள்ள எங்க இருக்குன்னு தெரியல. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் இருக்கு. டெலிஃபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியோட வந்தார். காயில், கூடவே காதுல வச்சுக் கேட்க ஒரு டெலிஃபோன் ரிசீவர். இன்னைக்கு என் கையில இருக்குற மெஷினுக்கு அது தாத்தா.

9/
குண்டு கிடைக்கல. படுக்கைக்குள்ள இருந்த உலோக ஸ்பிரிங்குகள் சத்தத்தைக் குழப்பிச்சு. அதைவிட முக்கியமா, சிகிச்சைக்குத் தலைமை வகிச்ச டாக்டர் பிளிஸ், குண்டு வலது பக்கம் தான் இருக்குன்னு முடிவே பண்ணிட்டார். தேடலும் வலது பக்கத்தோட நின்னுடுச்சு. செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில குண்டு இடது பக்கம், கணையத்துக்குப் பின்னாடி இருந்தது. கழுவாத விரலாலும் கருவியாலும் காயத்தைத் துழாவினதுல சேர்ந்த சீழ் தான் அவர் உயிரைக் குடிச்சதுன்னு இன்னைக்குப் பலரும் சொல்றாங்க.

மெஷின் எவ்வளவு நுட்பமா இருந்தாலும், தேடாத பக்கத்துல எதுவும் கேட்காது.

10/
இப்போ என் கன்சல்டிங் ரூமுக்கு வாங்க. (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.) 70 வயசு தாண்டின ஒரு அம்மா. ஒவ்வொரு முறையும் முட்டிவலின்னு தான் வருவாங்க. அது பலமான சத்தம். கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு, "மாடி ஏறும்போது நடுவுல கொஞ்சம் நின்னுக்கிறேன், வயசாயிடுச்சு இல்ல"ன்னு சிரிப்பாங்க. மூணாவது விசிட்லயும் அதே வரி, அதே கதவுகிட்ட.

உட்கார வச்சுக் கேட்டேன். இதயத்துல மெல்லிய ஒரு முணுமுணுப்பு, கழுத்து வரைக்கும் போகுது. எக்கோவுல அயோர்ட்டிக் வால்வு ரொம்பச் சுருங்கியிருந்தது. இந்த நோய் முத்தி இதயம் தளரும்போது சத்தம் பெருசாகாது, சில பேருக்குக் குறைஞ்சே போகும். வால்வு மாத்தியாச்சு. இப்போ முட்டிவலியைத் திட்டிக்கிட்டே நிக்காம மாடி ஏறுறாங்க.

11/
இதைப் படிச்சிட்டு நாளைக்கே டிடெக்டர் வாங்கக் கிளம்புறவங்களுக்கு: இங்க நில உரிமையாளர் அனுமதி இல்லாம இறங்க முடியாது. புதையல்னு தெரிஞ்சா 14 நாளுக்குள்ள சொல்லணும். 2010-ல் சோமர்செட்ல டேவ் கிரிஸ்ப்ங்கிற ஆஸ்பத்திரி சமையல்காரர் ஒரு வித்தியாசமான சத்தத்தைக் கேட்டுத் தோண்டினார். பானையோட வாய் தெரிஞ்சதும் நிறுத்திட்டுத் தொல்லியல் ஆட்களைக் கூப்பிட்டார். உள்ள 52,503 ரோமானியக் காசுகள். அவர் நிறுத்தினதால தான் எந்த அடுக்குல எந்தக் காசு இருந்துச்சுன்னு நமக்குத் தெரியும்.

நம்ம ஊர்ல 1878-ம் வருஷ புதையல் சட்டம் இன்னும் இருக்கு. கிடைச்சா கலெக்டர் ஆபீஸ்ல சொல்லணும். கோயில், தொல்லியல் மேடு பக்கம் மெஷினோட போகவே போகாதீங்க.

12/
கடைசியா ஒரு வேண்டுகோள். வீட்டுல பெரியவங்க கத்திச் சொல்ற வலிக்கு நாம ஓடிடுவோம். சிரிச்சுக்கிட்டே, போற போக்குல, திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொல்றாங்களா? அடுத்த தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகும்போது அதை முதல் வரியா சொல்லுங்க.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க. ராத்திரி வந்து பதில் சொல்றேன்.