றப்பர்ச் சில்லு

நெய்தற்றிணையைப் பல்கலைக்கழகத்திற் பாடங்கேட்டு, பின்னர் மாணவர்க்கும் பாடஞ்சொல்லி வருபவன் நான். ஆயினும் கடலில் ஓடும் யந்திரத்தின் உயிர் கடல்நீரிலேயே தங்கியிருக்கிறது என்பதை, நெடுந்தீவிற் கற்பித்த காலத்தில், குறிகட்டுவானுக்கு வந்த ஒரு காலைப் பயணத்திலேதான் அறிந்தேன்.

2019ஆம் ஆண்டு ஆனி மாதம்; சோளகம் வீசிக்கொண்டிருந்தது. காய்ச்சலிற் கிடந்த குழந்தையை மடியில் வைத்தபடி ஓர் இளந்தாய் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தாள். பாதி வழியில் யந்திரத்தின் ஓசை சற்றே மாறிற்று. எமக்கு அது கேட்கவில்லை. யந்திரம் ஓட்டும் அண்ணைக்குக் கேட்டது. புகைக்குழாயை எட்டிப் பார்த்தார். புகையோடு வெளிவரவேண்டிய நீர் வரவில்லை. உடனே யந்திரத்தை நிறுத்தி, நங்கூரத்தை இறக்குவித்தார்.

அந்த டீசல் யந்திரத்தின் உள்ளே சுற்றுவது நன்னீர். அதன் சூட்டை, மெல்லிய குழாய்கள் நிறைந்த வெப்பமாற்றியிலே கடல்நீர் வாங்கிக்கொண்டு வெளியேறும். கடல்நீரை இழுத்துத் தள்ளுவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு றப்பர்ச் சில்லு. (நெடுந்தீவுக் கிணறுகள் பலவும் உவர். உப்பு ஏறினால் யந்திரம் உள்ளே துருப்பிடிக்கும். ஆதலால் அண்ணை மழைநீரைக் கானிற் சேமித்து வைத்திருந்தார். தமக்கு உவர்நீர், யந்திரத்துக்கு மழைநீர்!)

முதலில் வடியைக் கழற்றினார். சாதாளை அடைத்திருந்தது. இவ்வளவுதானே என்று ஆறுதலடைந்தோம். அவரோ பம்பையும் திறந்தார். நீரின்றிச் சுழன்றதால், சில்லின் ஆறு இதழ்களில் நான்கே எஞ்சியிருந்தன.

பெட்டியிற் கிடந்த பழைய சில்லொன்றைப் பூட்டினார். ஆனாற் புறப்படவில்லை, முறிந்த இதழ்களைத் தேடலானார். ஒன்று அகப்பட்டது. மற்றது அகப்படவில்லை. கால்மணி நேரம் கழிந்தது. குழந்தை முனகிற்று.

“அண்ணை, ஒரு சின்னத் துண்டுக்கு இவ்வளவு நேரமோ? பிள்ளையைப் பாருங்கோ” என்றேன். படித்தவன் சொல் எடுபடும் என்பது என் எண்ணம்.

“பிள்ளையைப் பாத்துத்தான் மாஸ்டர் தேடுறன். அது குழாய்க்கை போய் அடைச்சுதெண்டால் எஞ்சின் இறுகிப்போம். பிறகு ஒருத்தராலும் இயக்கேலாது.”

பழைய பாய்வத்தையெனிற் காற்றைப் பிடித்தாவது கரை சேர்ந்திருக்கலாம். எமது படகிற் பாய்மரம் இல்லை. நான் வாய்மூடியிருந்தேன்.

வெப்பமாற்றியின் வாயிலில் இரண்டாவது துண்டு கிடைத்தது. யந்திரம் இயங்க, புகைக்குழாய் நீரைக் கக்கிற்று. குழந்தை நான்கு நாளில் வீடு திரும்பியது.

புதிய சில்லுக்காக அண்ணை ஏற்கெனவே உரிய காரியாலயத்தில் மும்முறை கேட்டிருந்தார். “படகு ஓடுதுதானே?” என்றார்களாம். ஓடுவதாலேயே சில்லு தேய்கிறது என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? மேசைக்குப் பின்னால் இருப்போருக்குப் பராமரிப்பு என்பது வீண்செலவு. ஆட்கள் மாண்டபின் விசாரணைக்குழு அமைப்பது மட்டும் செலவன்று.

அடுத்த வாரம் மனு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: றப்பர்ச் சில்லு 2, நாகத் தண்டு 2. (ஏனைய உலோகங்களைக் கடல்நீர் அரிக்காதபடி தானே கரைந்து தீர்வது நாகத் தண்டு.) வழக்கம்போல ‘மிகத் தாழ்மையுடன்’ என்று தொடங்கியிருந்தேன்.

“அது வேண்டாம் மாஸ்டர். தேவை எண்டு எழுதுங்கோ.”

அடித்துவிட்டு அவ்வாறே எழுதினேன். பதில் வரவில்லை. ஒரு மாதத்தின் பின் அவருடைய பெட்டியிற் புதிய சில்லொன்றைக் கண்டேன். தமது சம்பளத்தில் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் வாங்கியிருந்தார். பற்றுச்சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அதை இணைத்து இன்னொரு மனு எழுதவேண்டுமாம்.